இரண்டு வருடம் இங்கே. இரண்டு வருடம் அங்கே!

அமெரிக்காவில் ஒரு வகைக் கல்லூரி உண்டு. அங்கே சேருவதற்கு மார்க் கேட்கமாட்டார்கள். சிபாரிசுக் கடிதம் கேட்கமாட்டார்கள். வயதும் தடை இல்லை. பகலெல்லாம் கடையில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் வந்து படிக்கலாம். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வரும் தாயும் படிக்கலாம். 18 வயது இளைஞனும் தலை நரைத்த தாத்தாவும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்.

இதற்கு "கம்யூனிட்டி காலேஜ்" என்று பெயர். தமிழில், சமுதாயக் கல்லூரி.

இங்கே பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்புத்தான். ஆனால் பி.ஏ., பி.எஸ்சி. போன்ற பட்டம் வாங்க அமெரிக்காவில் நான்கு வருடம் படிக்கவேண்டும். மீதி இரண்டு வருடத்துக்கு எங்கே போவது?

பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகலாம்! அதுவும் நேராக மூன்றாம் வருடத்தில் சேர்ந்துகொள்ளலாம். நம் ஊரில் பாலிடெக்னிக் படித்து டிப்ளமா வாங்கியவர், பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் வருடத்தில் சேருகிறார் அல்லவா? ஏறக்குறைய அந்த மாதிரிதான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி ஏது என்று தோன்றுகிறது. ஆனால் இந்த வழியில் கால் வைத்தவர்களில் பெரும்பாலோர் பட்டம் வரை போய்ச் சேருவதில்லை. பாதி வழியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

அது ஏன்?

ஆறு பேர் படித்த கல்லூரி

முதலில் இந்தக் கல்லூரி பிறந்த கதையைப் பார்ப்போம்.

இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்று ஓர் ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியை நிர்வகித்தவர் ஜே. ஸ்டான்லி பிரவுன். பக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். "பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் பாடத்தை மாணவர்கள் சொந்த ஊரிலேயே படித்தால் என்ன?" என்பது இவர்கள் எண்ணம். 1901-ல் கல்லூரி தொடங்கியது. சேர்ந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறே பேர்!

பின்னர் ஊருக்கு ஊர் இந்த மாதிரிக் கல்லூரிகள் முளைத்தன. கலிபோர்னியாவில் முதலாவது, 1910-ல் பிரஸ்னோ நகரத்தில் தொடங்கியது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்குப் படிப்புச் செலவு கொடுக்க 1944-ல் அரசாங்கம் சட்டம் போட்டது. கல்லூரிகள் நிரம்பி வழிந்தன. 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கமிஷன், நாடெங்கும் இத்தகைய கல்லூரிகள் வேண்டும் என்று கூறியது. "ஜூனியர் காலேஜ்" என்ற பழைய பெயர் மெல்ல மறைந்து, "கம்யூனிட்டி காலேஜ்" என்ற பெயர் நிலைத்தது.

கலிபோர்னியாவின் வாக்குறுதி

1960-ம் வருடம் கலிபோர்னியா ஒரு பெரிய கல்வித் திட்டம் போட்டது. அதற்கு முன்னின்றவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவர் கிளார்க் கெர்.

பள்ளிப்படிப்பை முடிக்கும் பிள்ளைகளில் எட்டில் ஒரு பங்கினர், அதாவது மிக நன்றாகப் படிக்கிறவர்கள், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்குப் போகலாம். மற்ற எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரியின் கதவு திறந்திருக்கும்.

அப்படியானால் மற்றவர்கள் கடைசிப் படியிலேயே நிற்க வேண்டியதுதானா? இல்லை. இங்கேதான் திட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு வருட வகுப்புகளில் 40 பங்கு மாணவர்கள். கடைசி இரண்டு வருட வகுப்புகளில் 60 பங்கு மாணவர்கள். இப்படி இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். மேல் வகுப்பில் மிஞ்சும் இடம் யாருக்கு? சமுதாயக் கல்லூரியிலிருந்து ஏறி வருகிறவர்களுக்கு!

16 வயதில் விளையாட்டுப் புத்தியில் மார்க்கைக் கோட்டைவிட்ட பையனுக்கும் 20 வயதில் இன்னொரு வாய்ப்பு உண்டு என்று ஒரு மாநிலமே எழுதிக் கொடுத்தது போல ஆயிற்று.

செலவும் குறைவு. கலிபோர்னியாவில் 1984 வரை இந்தப் படிப்புக்குக் கட்டணமே கிடையாது. பிறகு கட்டணம் வந்தது. 2012 முதல் ஒரு "யூனிட்"டுக்கு 46 டாலர். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பாடத்தை ஒரு பருவம் முழுவதும் படித்தால், அது ஒரு யூனிட். ஏறி வருவதற்கு 60 யூனிட் வேண்டும். ஆக மொத்தம் 2,760 டாலர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2024-25-ல் புதிதாகச் சேர்ந்த உள்மாநில மாணவருக்கு ஒரு வருடத்துக்கே 14,000 டாலருக்கு மேல் கட்டணம்! வாடகை, சாப்பாடு, புத்தகம் எல்லாம் தனி. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் தள்ளுபடியும் ஆகிறது.

விண்வெளிக்குப் போன பெண்

இப்படி ஏறிப் போனவர்களில் பெயர் பெற்றவர்கள் உண்டு.

நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற சிறு நகரம். அங்கே 1956-ல் பிறந்தவர் எய்லீன் காலின்ஸ். வசதியான குடும்பம் அல்ல. விமானம் ஓட்டவேண்டும் என்று சிறு வயதிலிருந்தே ஆசை. பகுதி நேர வேலை செய்து காசு சேர்த்து, அந்தக் காசில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். வீட்டுக்கு அருகில் இருந்த கார்னிங் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தார். 1976-ல் அங்கே தேறி, சிராக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1978-ல் பட்டம் வாங்கினார். விமானப் படையில் சேர்ந்தார்.

1995-ல் விண்வெளி ஓடத்தை ஓட்டிய முதல் பெண் என்று உலகமே அவரைப் பாராட்டியது. 1999-ல் "கொலம்பியா" ஓடத்துக்கு அவரே தளபதி. ஒரு பெண் அந்தப் பொறுப்பை ஏற்றது அதுவே முதல் தடவை.

மனித உடலின் மரபணுக்களை ஆராய்ந்து புகழ் பெற்ற விஞ்ஞானி கிரெய்க் வென்டர் பள்ளியில் சுமாரான மாணவர். வியட்நாம் யுத்தத்தில் கடற்படை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துத் திரும்பியதும், சான் மடேயோ கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து சான் டியாகோவில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1975-ல் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார்.

பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் கதை வேறு மாதிரி. பாசடீனா ஜூனியர் காலேஜில் படித்து, 1939-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். நான்கு விளையாட்டுகளில் அதன் அணிக்கு ஆடினார். ஆனால் பட்டம் வாங்கவில்லை. குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடவேண்டும் என்று 1941-ல் படிப்பை விட்டுவிட்டார். வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பெரிய பேஸ்பால் போட்டிகளில் 1947-ல் நுழைந்து நிறத் தடையை உடைத்தவர் அவர்தான். அவரைப் போலப் பாதியில் விட்டவர்கள் ஏராளம். அவர்கள் பெயரெல்லாம் பத்திரிகையில் வருவதில்லை.

கணக்கு எங்கே தவறுகிறது?

சமுதாயக் கல்லூரியில் சேருகிற 100 பேரில் 80 பேர், "பட்டம் வாங்குவதே என் லட்சியம்" என்று சொல்லுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். ஆறு வருடத்துக்குள் பட்டம் வாங்குகிறவர்கள் 100-க்கு ஏறக்குறைய 16 பேர். நாடு முழுவதும் எடுத்த கணக்கு இது, 2024-ல் வெளிவந்தது.

பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சொல்லிவிடலாமா? சொல்ல முடியாது. பாதி நேரம் வேலை, பாதி நேரம் படிப்பு என்று இருக்கிறவர்கள் அவர்கள். தடுக்கி விழச் செய்வது பெரும்பாலும் அந்த யூனிட் கணக்குத்தான்.

ஒரு மாணவன் மூன்று யூனிட் கொண்ட பாடம் ஒன்றைப் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் படித்து நல்ல மார்க்கும் வாங்குகிறான். பிறகு பல்கலைக்கழகத்துக்கு மனு போடுகிறான். "இந்தப் பாடம் எங்கள் பாடத்துக்குச் சமம் அல்ல" என்று பதில் வருகிறது. அல்லது, "யூனிட்டை ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் உன்னுடைய பொறியியல் படிப்புக்கு இது உதவாது" என்று வருகிறது. மாதக் கணக்கில் படித்த படிப்பு வீண்! வேறு பாடத்தை மறுபடி படிக்கவேண்டும். அதற்கு மறுபடி பணம். மறுபடி ஒரு பருவம்.

இது எங்கோ ஒருவருக்கு நேரும் சங்கடம் அல்ல. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்களின் கணக்கை அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் எடுத்துப் பார்த்தது. 2017-ல் அறிக்கை வெளியிட்டது. எல்லா வகைக் கல்லூரி மாற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால், மாணவர்கள் சம்பாதித்த யூனிட்டுகளில் சராசரி 43 சதவீதம் கைநழுவிப் போயிருந்தது!

கணித வகுப்பு இன்னொரு கண்ணி. கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு சிறு பரீட்சை வைப்பார்கள். அதில் மார்க் குறைந்தால், "பள்ளிக்கூடக் கணக்கை முதலில் படி" என்று கீழ் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். பின்னம், தசமம், அல்ஜீப்ரா என்று ஒவ்வொரு படியாக ஏறி வரவேண்டும். ஒரு படிக்கு ஒரு பருவம். இதில் எதுவுமே பட்டத்துக்கான கணக்கில் சேராது! உண்மையான கல்லூரிக் கணிதம் வருவதற்குள் பாதிப் பேர் களைத்துப்போவார்கள். கலிபோர்னியா 2017-ல் சட்டம் போட்டு இந்த வழக்கத்தை மாற்றியது. 2019 முதல் பெரும்பாலான மாணவர்கள் நேராகக் கல்லூரிக் கணிதத்திலேயே சேருகிறார்கள்.

பர்ட்டன் கிளார்க் என்ற சமூக இயல் அறிஞர் வேறொன்றைக் கவனித்தார். அவர் எழுதியதும் அதே 1960-ல்தான். "உனக்கு இது கடினம், இந்தத் தொழிற்படிப்பு போதுமே" என்று கல்லூரியே மாணவனை மெல்ல மெல்லத் தட்டிக்கொடுத்து வேறு பக்கம் திருப்பிவிடுகிறது என்றார் அவர். யாரும் அவனைத் துரத்துவதில்லை. அவன் ஆசைதான் ஆறிப்போகிறது. ஒரே வருடத்தில் ஒரு பக்கம் வாக்குறுதி. மறுபக்கம் இந்த எச்சரிக்கை!

முடிச்சை அவிழ்க்கும் முயற்சி

கலிபோர்னியாவில் இப்போது நிலைமை முன்னைவிடத் தேவலை.

எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று "அசிஸ்ட்" என்ற இணையதளத்தில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். யாரும் காசில்லாமல் பார்க்கலாம்.

2010-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, மாறிப் போவதற்கென்றே அமைந்த இரண்டு வருடப் படிப்பை முடித்தால், மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம். அதே துறையில் தொடர்ந்தால் இன்னும் 60 யூனிட்டில் பட்டம். ஆனால், கேட்ட ஊரில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்களும் முன்கூட்டியே உறுதி கொடுக்கின்றன. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகியவை அவை. குறித்த பாடங்களைக் குறித்த மார்க்குடன் முடிக்கவேண்டும். ஆறில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவேண்டும். எல்லோரும் ஆசைப்படும் பெர்க்லியும் லாஸ் ஏஞ்சல்சும் அந்த உறுதியைக் கொடுப்பதில்லை.

இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளும் பொதுப் பாடத்துக்கு வெவ்வேறு பட்டியல் வைத்திருந்த தொல்லையும் ஒழிந்தது. 2021-ல் போட்ட சட்டத்தின்படி, 2025 இலையுதிர் காலம் முதல் ஒரே பட்டியல்தான்.

இவ்வளவு இருந்தும், எந்தத் துறை, எந்தப் பல்கலைக்கழகம் என்பதை மாணவன் முதல் வருடத்திலேயே முடிவு செய்தால்தான் கணக்கு சரியாக வரும். கல்லூரியில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களை முதல் பருவத்திலேயே போய்ப் பார்க்கிறவன் பிழைத்தான். மனு போடும் மாதத்தில் அவசர அவசரமாக ஓடுகிறவன், "இந்தப் பாடத்தை நீ போன வருடமே படித்திருக்கவேண்டுமே!" என்ற பதிலைக் கேட்டுத் திரும்புகிறான். வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதித்ததில்லை என்றால், இந்த விவரத்தை அவனுக்கு யார் சொல்லுவார்கள்?

மாறிப் போன பிறகும் முதல் சில மாதம் திண்டாட்டம்தான். சமுதாயக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் ஒரு பருவம் 16 வாரத்துக்குக் குறையாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான வளாகங்களில் ஒரு பருவம் 10 வாரம். மூச்சு விடுவதற்குள் பரீட்சை வந்துவிடும்! முப்பது பேர் இருந்த வகுப்பில் பழகியவர், முந்நூறு பேர் இருக்கும் மண்டபத்தில் போய் உட்காருகிறார். முதல் பருவத்தில் மார்க் குறைகிறது. 1965-லேயே ஆராய்ச்சியாளர்கள் இதற்கு "மாற்ற அதிர்ச்சி" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த அதிர்ச்சி பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு பருவத்தில் தெளிந்துவிடுகிறது. அதன் பிறகு யார் முதல் வருடத்திலிருந்து அங்கே படித்தவர், யார் நடுவில் வந்தவர் என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. இறுதியில் கையில் கிடைக்கும் பட்டச் சான்றிதழும் இருவருக்கும் ஒன்றேதான். சமுதாயக் கல்லூரியின் பெயர் அதில் இருக்காது.