எல்லைக்கு இருபுறமும் ஒரே தந்தை: எஸ். வி. ரங்காராவின் நடிப்பு வாழ்க்கை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு விளிம்பில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைக் கடந்து ஆரம்பாக்கம் வரை செல்லும் தமிழ்நாடு, அடுத்துள்ள தடாவில் ஆந்திரமாகிவிடுகிறது. ஆனால் மக்களின் பேச்சு அந்தக் கோட்டில் மாறிவிடுவதில்லை. வீட்டில் தெலுங்கும் வேலைத்தலத்தில் தமிழும் பேசும் குடும்பங்கள் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருத்தணி வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்த பிறகு ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக எல்லை குறித்த பட்டாஸ்கர் பரிந்துரை வந்து, அதன்படி இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது, பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. இப்படி எல்லை வகுக்கப்பட்ட அதே காலத்தில், இருபுறத்து ரசிகர்களும் தத்தம் நாயகர்களைத் தனித்தனியே கொண்டாடத் தொடங்கியிருந்தபோதும், இரு தரப்புக்கும் பொதுவான தந்தையாகவும் ஜமீன்தாராகவும் அரக்கனாகவும் திரையில் நின்றவர் எஸ். வி. ரங்காராவ்.

கதையின் நாயகனாகவோ நாயகியாகவோ அல்லாமல், ஆனால் கதை யாரைச் சுற்றி நிலைகொள்கிறதோ அந்தத் தந்தை, தாய், மாமன், முதலாளி, ஆசிரியர் போன்ற பாத்திரங்களுக்கு உயிர் கொடுப்பவரையே குணச்சித்திர நடிகர் என்று திரைத்துறை அழைக்கிறது. நாயகனின் பெயருக்காகக் கூட்டம் வருகிறது. வந்த கூட்டம் கதையை நம்புவதற்குக் குணச்சித்திர நடிகரே பொறுப்பாகிறார். தென்னிந்தியத் திரையுலகின் பெரும்பகுதி சென்னையில் இயங்கிய ஆண்டுகளில் இந்தப் பொறுப்புக்கு இன்னொரு பரிமாணமும் இருந்தது என்பதையும், ஒரே நடிகர் இரண்டு மொழிகளுக்கு எவ்வாறு உரியவரானார் என்பதையும் ரங்காராவின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

தீயணைப்புத் துறையிலிருந்து திரைக்கு

சாமர்லா வெங்கட ரங்காராவ் 1918 ஜூலை 3 அன்று கிருஷ்ணா மாவட்டத்தின் நூஜிவீட்டில் பிறந்தார். பள்ளிப் பருவத்தைச் சென்னையில் கழித்தமையால் தமிழ் அவருக்கு இளமையிலேயே காதில் ஏறிய மொழியாயிற்று. பின்னாளில் தமிழ்ப் படங்களில் அவர் தம் குரலிலேயே பேசியதற்கு அந்த ஆண்டுகளே அடித்தளம். காக்கிநாடாவில் பட்டப்படிப்பு முடித்தவர், அந்நகரின் யங் மென்ஸ் ஹாப்பி கிளப் என்ற நாடகக் குழுவில் இணைந்து நடித்தார். பின்னர் திரையில் புகழ்பெற்ற அஞ்சலி தேவியும் அதே குழுவில் மேடையேறியவர். ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களை மேடையில் ஏற்று நடித்த பயிற்சி, நீண்ட வசனத்தை மூச்சு விடாமல் உச்சரிக்கும் ஆற்றலையும், குரலை ஏற்றி இறக்கிச் சபையை அடக்கும் திறனையும் அவருக்கு அளித்தது.

படிப்பு முடிந்ததும் தீயணைப்புத் துறையில் அதிகாரியாகச் சேர்ந்து மசூலிப்பட்டினத்திலும் விஜயநகரத்திலும் பணியாற்றிய ரங்காராவ், ‘வரூதினி’ என்ற தெலுங்குப் படத்தில் வாய்ப்புக் கிடைத்ததும் வேலையைத் துறந்தார். படம் தோல்வியடைந்தது, அடுத்த வாய்ப்பு வராத நிலையில் ஜாம்ஷெட்பூர் சென்று டாடா நிறுவனத்தில் வேலை பார்க்க நேர்ந்தது. மீண்டும் திரைக்கு வந்து, எல். வி. பிரசாத் இயக்கிய ‘மன தேசம்’ (1949) படத்தில் சிறு வேடமும், விஜயா நிறுவனத்தின் முதல் தயாரிப்பான ‘ஷாவுகாரு’ (1950) படத்தில் ஓர் ஊர் ரவுடி வேடமும் ஏற்றார். இந்தப் படத்தின் பெயரையே ஜானகி என்ற புதுமுக நடிகை தம் பெயரோடு இணைத்துக்கொண்டு ‘சௌகார் ஜானகி’ ஆனார்.

ஒரே அரங்கு, இரண்டு மொழி

வடபழனியில் விஜயா வாகினி ஸ்டூடியோவை நடத்திய பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் தங்கள் படங்களைப் பெரும்பாலும் தெலுங்கிலும் தமிழிலும் ஒருசேர எடுத்தனர். ஒரு மொழியில் எடுத்த படத்துக்கு வேறொரு மொழிக் குரலை ஏற்றுவது டப்பிங். வெளியாகி வெற்றி பெற்ற கதையைப் பிறகு வேறு மொழியில் புதிதாக எடுப்பது ரீமேக். இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது இந்த இருமொழித் தயாரிப்பு. ஒரே அரங்கம், ஒரே ஒளியமைப்பு, ஒரே ஒளிப்பதிவாளர் என்று வைத்துக்கொண்டு, காட்சியை முதலில் ஒரு மொழியிலும் அடுத்து இன்னொரு மொழியிலும் நடிக்கச் செய்து எடுக்கும் முறை அது. இரு மொழியிலும் தடையின்றிப் பேசக்கூடிய ஒரு நடிகர் கிடைத்துவிட்டால் உடை, ஒப்பனை, கால்ஷீட் எல்லாமே மிச்சமாகும் என்பதால், ரங்காராவைப் போன்றவர் தயாரிப்பாளருக்குப் பெருஞ்செல்வம்.

கே. வி. ரெட்டி இயக்கத்தில் 1951இல் வெளிவந்த ‘பாதாள பைரவி’ இம்முறையில் உருவான படம். இளவரசியை விரும்பும் தோட்டக்காரன் மகனாக என். டி. ராமராவ் இரு பதிப்புகளிலும் நடித்தார். அவனைப் பலிகொடுத்து மாயச்சிலையைப் பெற முயலும் நேபாள மந்திரவாதியாக ரங்காராவ் இரு பதிப்புகளிலும் தோன்றினார். தாடியும் வளைந்த நடையும் இழுத்துப் பேசும் குரலுமாக அவர் வடித்த மந்திரவாதிக்கு வயது என்னவென்று ரசிகரால் சொல்ல முடியாது. நடித்தவருக்கு அப்போது 32 வயது.

நான்கே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1955 பொங்கலை ஒட்டித் தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’, தமிழில் ‘மிஸ்ஸியம்மா’ என வெளிவந்த படத்தில், வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இருவரில் ஆணின் பாத்திரத்தைத் தெலுங்கில் என். டி. ராமராவும் தமிழில் ஜெமினி கணேசனும் ஏற்றனர். அவர்களுக்கு வேலை கொடுக்கும் ஜமீன்தார் மட்டும் இருபுறமும் ரங்காராவ்தான். பள்ளிக்கூடம் நடத்தும் அந்தச் செல்வர், தம் வீட்டுக்கு ஆசிரியையாக வந்திருக்கும் பெண்ணே தாம் தொலைத்த மூத்த மகள் என்பதை அறியாமல் அவள்மீது பரிவைப் பொழிகிறார். ஏமாற்றப்படுகிறவரை அசடராகக் காட்டினால் சிரிப்பு வரும், ஆனால் மதிப்புப் போய்விடும். ரங்காராவ் அவரை எல்லோரையும் நம்பிவிடுகிற பெரிய மனிதராகக் காட்டியதால் சிரிப்போடு மதிப்பும் நிலைத்தது.

நாயகன் மாற, தந்தை மாறாமல் இருந்ததற்குக் காரணம் சிக்கனம் மட்டுமன்று. நாயகன் ஒரு மொழியின் ரசிகர் கூட்டத்துக்கும் சந்தைக்கும் உரிய அடையாளமாகிவிட்டான். அவன் பெயரில் சுவரொட்டி ஒட்டப்படும் ஊர்கள் வேறு வேறாயின. குடும்பத் தலைவரோ இரு மொழிச் சமூகங்களுக்கும் பொதுவானவர். கிருஷ்ணா ஆற்றங்கரையிலும் காவிரிக்கரையிலும் நிலவுடைமைக் குடும்பத்தின் முற்றம், சாய்வு நாற்காலி, அங்கவஸ்திரம், பெரியவர் தொண்டையைச் செருமியதும் அடங்கிப்போகும் வீடு ஆகியவை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அந்தப் பெரியவராக ரங்காராவ் அமர்ந்தபோது இருபுறத்துப் பார்வையாளரும் தங்கள் வீட்டு மனிதரையே கண்டனர்.

‘மாயா பஜார்’ (1957) இந்தப் பொதுமையைப் புராணத்துக்குக் கொண்டுசென்றது. கிருஷ்ணராக என். டி. ராமராவ் இரு மொழியிலும் தொடர, அபிமன்யுவாகத் தெலுங்கில் நாகேஸ்வரராவும் தமிழில் ஜெமினி கணேசனும் நடித்தனர். கடோத்கஜன் இரண்டிலும் ரங்காராவ். கல்யாண விருந்தைக் கண்டதும் அரக்கன் பாடிக்கொண்டே உண்ணும் காட்சியில், லட்டுகள் தாமே பறந்து அவன் வாய்க்குள் போகின்றன. மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுத் தந்திரம் அது. ஆனால் அந்தத் தந்திரத்தை நம்பவைப்பது நடிகரின் முகமே. அடுத்த பண்டத்தைத் தேடும் கண்ணும், உண்டபின் வரும் திருப்தியும், கதாயுதத்தைத் தோளில் சாய்த்து நிற்கும் தோரணையும் சேர்ந்து, பயங்கரமான அரக்கனைக் குழந்தைகள் விரும்பும் உறவினனாக்கிவிடுகின்றன. கடோத்கஜன் மணப்பெண்ணின் உருவெடுத்துத் திருமண வீட்டுக்குள் நுழைந்தபின் அந்தப் பாத்திரத்தை மணப்பெண்ணாக நடித்த சாவித்திரியே ஏற்று நடிக்க வேண்டியிருந்தது. ரங்காராவின் நடையையும் மிடுக்கையும் ஓர் இளம்பெண்ணின் உடலில் அவர் கொண்டுவந்து காட்டியபோது, இன்னொரு நடிகை எடுத்தாளும் அளவுக்கு ரங்காராவின் உடல்மொழி தனித்தன்மை பெற்றிருந்தது என்பதும் வெளிப்பட்டது.

உடைந்துபோகும் அதிகாரம்

வட எல்லை வரையப்பட்ட 1960இலேயே, பீம்சிங் இயக்கிய ‘படிக்காத மேதை’ வெளியாயிற்று. அனாதையான ரங்கனை வீட்டுப்பிள்ளையாக வளர்க்கும் செல்வரின் சொத்து கரைந்ததும் சொந்தப் பிள்ளைகள் விலக, படிப்பறியாத ரங்கன் மட்டும் விசுவாசமாக நிற்கிறான். ரங்கனாகச் சிவாஜி கணேசனும் செல்வராக ரங்காராவும் நடித்தனர். ரங்கன் வீட்டைவிட்டுப் போனபின் பெரியவர் அவனை நினைத்து ஏங்கும் இடத்தில் பாரதியாரின் ‘கண்ணன் என் சேவகன்’ பாடலைச் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பயன்படுத்தினர். பாட்டு முழுவதும் ரங்காராவுக்குச் செய்வதற்கு அதிகமில்லை. வெறுமையான வீட்டில் கனத்த உடல் தளர்வதும், அதிகாரம் செய்து பழகிய முகத்தில் ஏக்கம் மெல்லப் படர்வதுமே நடிப்பு. பெருங்குரலுக்குப் பேர்போன நடிகர் பேசாமலே ஒரு காட்சியை நிரப்பியதற்கு இது சான்று.

இக்கதை 1962இல் ‘ஆத்ம பந்துவு’ எனத் தெலுங்குக்குச் சென்றபோது சிவாஜியின் இடத்தில் என். டி. ராமராவ் வந்தார், தந்தை ரங்காராவாகவே இருந்தார். ஏவிஎம் நிறுவனத்தின் ‘நானும் ஒரு பெண்’ (1963) படம் ‘நாதீ ஆட ஜன்மே’ (1965) ஆனபோதும் அதுவே நிகழ்ந்தது. கே. எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘கற்பகம்’ (1963) படத்தில், மகள் இறந்தபின் மருமகனுக்குத் தாமே வேறு பெண் பார்த்து மணமுடிக்கும் நல்லசிவமாக அவர் வந்தார். மாமனார் பேசினால் மருமகனால் மறுக்க முடியாது என்று பார்வையாளர் உணரும் அளவுக்கு அந்த உறவு நம்பகமாக அமைந்தது; மருமகனாக நடித்த ஜெமினி கணேசன் ரங்காராவைவிட ஏறத்தாழ இரண்டு வயதே இளையவர். சிவாஜிக்கும் அவருக்கும் இடையில்கூடப் பத்து வயதுதான் வேறுபாடு. நரைத்த ஒப்பனையை முப்பதுகளிலேயே ஏற்றுக்கொண்ட அவர், இளமைத் தோற்றத்தைக் காப்பாற்றும் கவலை நாயகர்களுக்கே உரியது என்று விட்டுவிட்டதனால், தமக்கென ஒரு தனி அதிகாரத்தைத் திரையில் ஈட்டிக்கொண்டார்.

எதிர்மறை வேடத்திலும் அதே கம்பீரம் பயன்பட்டது. ‘நர்த்தனசாலா’ (1963) என்ற தெலுங்குப் படத்தில் திரௌபதியை விரும்பி அழியும் கீசகனாக நடித்தமைக்கு, 1964இல் ஜகார்த்தாவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. ‘பக்த பிரகலாதா’ (1967) படத்தில் இரணியனாக வந்தவர், அதே ஆண்டில் ‘சதரங்கம்’ படத்தின் மூலம் இயக்குநரும் ஆனார். தாம் நடித்த தமிழ்ப் படமான ‘கண்கண்ட தெய்வம்’ கதையை அடுத்த ஆண்டே ‘பாந்தவ்யாலு’ என்று தெலுங்கில் அவரே இயக்கியதிலிருந்து, இரு மொழிகளுக்கும் இடையே கதைகளைக் கொண்டுசெல்லும் வேலையில் அவர் நடிகராக மட்டும் நின்றுவிடவில்லை என்பது விளங்கும்.

1974 ஜூலை 18 அன்று மாரடைப்பால் சென்னையில் ரங்காராவ் காலமானார். திரையில் கால் நூற்றாண்டு முதியவராக வாழ்ந்தவருக்கு அப்போது வயது 56. தெலுங்கு ரசிகர்கள் அவரை ‘விஸ்வநட சக்ரவர்த்தி’ என்று போற்றுகின்றனர். இந்தியத் திரைப்பட நூற்றாண்டையொட்டி 2013இல் அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலை வரிசையில் அவர் உருவமும் இடம்பெற்றது.

தெலுங்குத் திரையுலகம் படிப்படியாக ஹைதராபாதுக்குக் குடிபெயர்ந்தபின் விஜயா வாகினி பாணி இருமொழித் தயாரிப்பு அருகிவிட்டாலும், அதற்குள் உருவான வழக்கம் அழியவில்லை. தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டு 2015இல் வெளியான ‘பாகுபலி’யில் கட்டப்பாவாகச் சத்யராஜும் பிஜ்ஜலதேவனாக நாசரும் இரு தரப்பினராலும் தம்மவராக ஏற்கப்பட்டனர், பிரகாஷ் ராஜ் பல்லாண்டுகளாக இரு மொழிகளிலும் தந்தையாகவும் வில்லனாகவும் வந்துகொண்டிருக்கிறார். நாயகனை அயல்மொழியில் நிலைநிறுத்தப் பெரும் விளம்பரமும் பொருட்செலவும் தேவைப்படுகையில், குணச்சித்திர நடிகரால் அவை எதுவுமின்றி எல்லை கடக்க முடிகிறது என்றால், அந்தப் பாதையை அகலமாக்கியவர்களுள் ரங்காராவ் முதன்மையானவர். தடாவிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வருபவரும் ஆரம்பாக்கத்திலிருந்து ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி தொழில் நகரத்துக்குப் போகிறவரும் கடோத்கஜன் என்றதும் ஒரே முகத்தை நினைக்கிறார்கள் என்றால், அது மொழிபெயர்ப்பால் வந்ததன்று. ஒரே நடிகர் இருவருக்கும் அவரவர் மொழியிலேயே பேசியதால் வந்தது.