டெக்ஸாஸ் பாடகியின் இசைத்தட்டு

இருந்த வீட்டை விட்டு அகலாமலே ஒரு ஜனசமூகம் அந்நியராகிவிடக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணம் ஓர் அத்தாட்சி. 1836-ல் அது மெக்ஸிகோவினின்றும் பிரிந்தது. 1845-ல் ஐக்கிய நாடுகளுடன் சேர்ந்தது. 1848-ல் ஏற்பட்ட குவாதலூபே ஹிதால்கோ உடன்படிக்கை ரியோ கிராண்டே நதியை எல்லையாக்கிற்று. அவ்விடத்து மெக்ஸிகோ வம்சத்தாருக்குத் தெஹானோ என்று பெயர். பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் தவிர வேறு பாஷையில் கற்பிப்பது குற்றமென்று 1918-ல் அங்கே சட்டம் செய்தார்கள். சட்டப் புஸ்தகங்களில் எத்தனையோ விசித்திரங்களைக் கண்டு பழகிய நமக்கும் இது சற்று அதிகமாகவே படுகிறது.

பள்ளியில் இடம் பெறாத பாஷை பாட்டிலே பிழைத்தது. ஜெர்மானிய, செக் குடியேறிகளிடமிருந்து அக்கார்டியன் வாத்தியத்தையும் போல்கா நடையையும் வாங்கிக்கொண்டு, அவற்றில் ஸ்பானிஷ் சாகித்தியத்தை ஏற்றினார்கள் தெஹானோ பாடகர்கள்.

1971-ல் பிறந்த செலினா கின்டனில்லா இச்சமூகத்துப் பெண். வீட்டிலும் வெளியிலும் அவர் பேசி வளர்ந்தது ஆங்கிலமே. முன்னாளில் தாமும் பாடகராயிருந்த தந்தை, ஸ்பானிஷ் பாட்டுகளை உச்சரிப்பைக் கொண்டே சொல்லிக்கொடுத்தார். அர்த்தம் பிற்பாடு வந்தது. தம் முன்னோரின் பாஷையை அந்நிய பாஷையைப்போல் எழுத்தெழுத்தாய்க் கற்கவேண்டிய நிலையை நம் வாசகர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். தமையன் பாட்டமைக்க, தமக்கை டிரம் கொட்ட, ஆண்களின் ஆதிக்கத்திலிருந்த அத்துறையில் அவர் முன்னுக்கு வந்தார்.

1994 மார்ச்சில் வெளியான ‘அமோர் ப்ரோஹிபிதோ’ என்ற இசைத்தட்டே அவருடைய சிகரம். தடுக்கப்பட்ட காதல் என்பது பொருள். செல்வ வித்தியாசத்தால் பெற்றோர் மறுக்கும் காதலைத் தலைப்புப் பாட்டு சொல்கிறது. நமக்குப் புதிய கதையல்ல. ஆனால் குரலில் அழுகை மிகாமல், ஆட்டத்துக்குரிய கும்பியா தாளத்திலே அதைப் பாடியிருப்பது புதிது. அவ்வருஷம் ஜூனில் கியூபாவில் பிறந்த க்ளோரியா எஸ்தெஃபானின் ‘மி தியேர்ரா’வைத் தள்ளிவிட்டு, பில்போர்ட் பத்திரிகையின் லத்தீன் ஜாபிதாவில் இது முதலிடம் பெற்றது. இதிலுள்ள நான்கு பாட்டுகள் தனித்தனியே முதலிடத்துக்கு வந்தன. 1995 பிப்ரவரியில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் அவர் பாடக் கேட்கச் சுமார் 67,000 பேர் திரண்டனர்.

இவ்வளவும் நடந்தும், ஆங்கிலப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை அவரை அறியா. 1995 மார்ச் 31-ல் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில், ரசிகர் சங்கத்தை நடத்திவந்த பெண்ணொருத்தியே சுட்டு அவரைக் கொன்றாள். வயது இருபத்து மூன்று. அதன் பிறகே பீப்பிள் பத்திரிகை தென்மேற்குப் பிரதேசங்களுக்கென அவர் படத்துடன் தனி அட்டை போட்டது. அது விற்ற விறுவிறுப்பைக் கண்டு, 1996-ல் ஸ்பானிஷிலேயே ஒரு பதிப்பை ஆரம்பித்தார்கள். சவப்பெட்டிக்கு முன்னேதான் இவர்களுக்குக் காது திறந்தது என்று சொன்னால் அது கடுஞ்சொல்லாகாது.

1995 ஜூலையில் வெளிவந்த ‘ட்ரீமிங் ஆஃப் யூ’ ஆங்கிலப் பாட்டுகளும் சேர்ந்தது. அது அமெரிக்கா முழுமைக்குமான ஜாபிதாவில் முதல் வாரத்திலேயே முதலிடத்தை அடைந்தது. ஆயினும் நாம் முந்திய இசைத்தட்டையே மேலாக மதிக்கிறோம். பின்னதில் அவர் முடிக்காமல் விட்ட வேலையைப் பல கைகள் கூடி நிரப்பியிருக்கின்றன. முன்னதை அவர் தாமே இருந்து முடித்தார்.