ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் முன் நிற்பவர்கள் முதலில் பார்ப்பது ஐந்து வயது இளவரசி மார்கரீட்டாவை. அடுத்து கண் தானாகப் போகும் இடம், பின்சுவரில் திறந்து கிடக்கும் கதவு. டியேகோ வெலாஸ்கெஸ் 1656-இல் தீட்டிய இந்தப் படத்தின் உயரம் மூன்று மீட்டருக்கும் மேல். அதில் மேல்பாதி முழுக்கக் கிட்டத்தட்ட இருட்டுதான். கதவுக்கு அப்பால் மட்டும் பளீரென்று வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தில், படிக்கட்டில் ஒருவர் நிற்கிறார். ராணியின் அரண்மனை அலுவலர் ஹோசே நியெத்தோ. ஒரு கால் ஒரு படியில், இன்னொன்று அடுத்த படியில். முகம் மட்டும் நம் பக்கம். வருகிறாரா, போகிறாரா? நம் வீட்டுப் பெரியவர்களாக இருந்தால், “ஒன்று உள்ளே வா, இல்லை வெளியே போ” என்று அதட்டியிருப்பார்கள்.

வெலாஸ்கெஸ் வேண்டுமென்றேதான் அவரை அப்படி நிறுத்தியிருக்கிறார். உருவப்படம் என்றால் பொதுவாக ஆளை ஓரிடத்தில் உட்காரவைத்து அசையாமல் பிடிப்பது. வாசலில் நிறுத்திவிட்டாலோ, அந்த ஆளுக்கு ஒரு ‘முன்பு’ம் ஒரு ‘பிறகு’ம் வந்துவிடுகின்றன. மேற்கூரை, சுவர் ஆகியவற்றின் விளிம்புக் கோடுகளை நீட்டிப் பாருங்கள். அவை கூடும் இடம் நியெத்தோவின் மடங்கிய கைப்பக்கம். பக்கத்துக் கண்ணாடியில் ராஜாவும் ராணியும் மங்கலாகத் தெரிகிறார்கள். கோடுகள் நம் கண்ணை இழுத்துப்போவதோ வாசலில் நிற்கும் ஊழியரிடம்! ராணி கிளம்பும்போது கதவு திறந்துவிடுவது அவர் வேலை என்பதால், அரச தம்பதி புறப்படும் நேரம் இது என்று சில அறிஞர்கள் சொல்வார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. வெலாஸ்கெஸே 1652 முதல் அரசருடைய மாளிகையில் அறைகளுக்குப் பொறுப்பானவர். படத்தில் தன்னையும் வரைந்திருக்கும் வெலாஸ்கெஸின் இடுப்பில் அந்தப் பதவியின் சாவி.

வாசலில் ஆளை நிறுத்துவது அவருக்கு முன்பே உண்டு. யான் வான் ஐக் 1434-இல் தீட்டிய ‘அர்னோல்பினி’ ஓவியம் வெலாஸ்கெஸ் காலத்தில் ஸ்பெயின் அரச குடும்பத்திடம் இருந்தது. அதன் குவியாடியிலும் ஒரு வாசல் உண்டு. வாசலில் இரண்டு பேர்.

1795-இல் பிலடெல்பியாவில் ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் இன்னும் ஒரு படி மேலே போனார். மகன்கள் இருவர் படிக்கட்டில் நிற்கும் படத்தை நிஜ நிலைச்சட்டத்துக்குள் பொருத்தி, அடியில் நிஜ மரப்படி ஒன்றையும் வைத்துவிட்டார். வண்ணத் தட்டோடு ஏறும் மூத்தவன் திரும்பிப் பார்க்கிறான். அந்தப் பக்கம் போன ஜார்ஜ் வாஷிங்டன் அந்தப் பையன்களுக்குத் தலைவணங்கிவிட்டுப் போனதாக பீலின் இன்னொரு மகன் பின்னாளில் எழுதினார்.