பாகம் மாற்றலாம் என்கிறார்கள், எத்தனை வருஷத்துக்கு?

கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பவர்களிடம் கேமராவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், சீக்கிரமே பேச்சு சர்வீஸ் சென்டரில் வந்து நிற்கும். யூஎஸ்பி போர்ட் ஆடுகிறது என்று கொண்டுபோனால் ‘மெயின் போர்டையே மாத்தணும்’ என்பார்கள். ஷட்டர் போனால் ‘பழைய மாடல், பார்ட்ஸ் வர்றதில்ல’ என்பார்கள். பாடியும் லென்ஸும் நன்றாகத்தான் இருக்கும். சின்ன உறுப்பு ஒன்று போனதற்காக லட்ச ரூபாய்ப் பொருள் அலமாரிக்குப் போய்விடும்.

இதற்கு மாற்றாகப் பேசப்படுவதுதான் பாகம் பாகமாகக் கழற்றி மாட்டும் மாடுலர் கேமரா. தயாரிப்பாளர்களுக்கும் புது வழி தேவைப்படுகிறது. ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கம் வெளியிடும் கணக்கில், 2010இல் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023இல் 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை. கைபேசி செய்த வேலை இது. வாங்குபவர் குறைந்துவிட்ட சந்தையில், இருக்கிற பாடிக்கே புது சென்சார் விற்பது அவர்களுக்கும் நல்ல வியாபாரம்.

ஆனால் கேமராவை எந்த இடத்தில் பிரிக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2009இல் ரிகோ நிறுவனம் ஜிஎக்ஸ்ஆர் என்ற கேமராவைக் கொண்டுவந்தது. அதில் லென்ஸும் சென்சாரும் ஒரே பெட்டிக்குள் மூடப்பட்டிருக்கும். பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி மாட்டலாம். நல்ல லென்ஸ் முப்பது, நாற்பது வருஷம் உழைக்கும். சென்சார் சில வருஷங்களில் பழசாகிவிடும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் சென்சாரோடு லென்ஸும் பழசாகிறது. சில ஆண்டுகளில் ஜிஎக்ஸ்ஆர் நின்றுபோனது. ஸ்வீடனின் ஹாசல்பிளாட் நேர் எதிராகப் பிரித்தது. 1957இல் வந்த 500சி கேமராவில் பிலிம் இருக்கும் பின்பகுதி தனியே கழலும். 2024இல் அந்த நிறுவனம் வெளியிட்ட 100 மெகாபிக்ஸல் டிஜிட்டல் பின்பகுதியை அந்தக் காலத்துப் பாடியிலும் மாட்டலாம். விலையைக் கேட்டால் தலை சுற்றும், அது வேறு விஷயம்.

லைக்கா கேமரா நிறுவனத்தின் கதை இன்னொரு எச்சரிக்கை. எம்8 கேமராவை வாங்கியவர்கள் காலப்போக்கில் மேம்படுத்திக்கொண்டே போகலாம் என்று 2008இல் அறிவித்தார்கள். புது ஷட்டரும் கீறல் விழாத திரைக் கண்ணாடியும் கட்டணத்துக்குக் கிடைத்தன. அடுத்த ஆண்டே பெரிய சென்சாருடன் எம்9 வந்தது. எம்8ஐ எம்9 ஆக்க வழியில்லை. பிறகு எம்9இன் சென்சாரில் அரிப்பு ஏற்பட்டபோது மாற்றிக் கொடுத்தார்கள். 2020இல் மாற்றுச் சென்சார் கையிருப்பே தீர்ந்துவிட்டது. பாகம் கழலுகிறது என்பதும் பாகம் கிடைக்கும் என்பதும் இரண்டு வேறு வாக்குறுதிகள்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்கு, தயாரிப்பு நின்ற பிறகும் 7 ஆண்டுகள் பாகம், கருவி, பழுதுபார்ப்புக் கையேடு ஆகியவற்றைக் கொடுத்தாக வேண்டும். இந்தியாவில் கேமராவுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்ப்பு உரிமைக்கு ஒரு குழு அமைத்தது, இணையதளமும் திறந்தது.

அதனால் கையில் ஒன்றுமே இல்லை என்று பொருளில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிப் பல போட்டோகிராபர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போகிறவர் அதில் வருவார். புகாரிலேயே இதை எழுதிவிட வேண்டும். ‘பின்னால் அப்கிரேடு தருவோம்’ என்று விளம்பரம் செய்துவிட்டுத் தராமல் போனால், தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு என்ற இரண்டு பிடிகளும் இருக்கின்றன.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இணையம் வழியாகவும் போடலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கேட்டுக் கேட்டு நாளைக் கடத்தினால் அதுவே வழக்கைக் கெடுக்கும். அதிகாரபூர்வ விற்பனையாளர் வழியாக வராமல், பில் இல்லாமல் வாங்கிய ‘கிரே’ சரக்குக்கு இந்திய வாரண்டியும் கிடைக்காது, புகாரும் வலுக்காது. ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம் என்று அந்தப் பக்கம் போகாதீர்கள்.

புது கேமரா வாங்கப் போகும்போது மூன்று விஷயத்தை ஈமெயிலில் கேளுங்கள்: பேட்டரியும் ஷட்டரும் போர்ட்டும் தனித்தனியாக மாற்றக்கூடியவையா, இந்த மாடலுக்குப் பாகம் எந்த ஆண்டு வரை கிடைக்கும், வெளிக் கடைக்காரருக்கும் விற்பீர்களா. பதில் எழுத்தில் வந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.