'ஃபால்ஸ் அலாரம்' என்றால் 'பொய் எச்சரிக்கை'யா? பினாங்கு கடற்கரை சொல்லும் பதில்

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மலேசிய நேரப்படி மாலை 4.38 மணிக்கு சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் 8.6 அளவில் நிலநடுக்கம். பினாங்கின் அடுக்குமாடிகளிலும் ஆட்டம் தெரிந்தது. சுனாமி எச்சரிக்கை வந்தது. கடற்கரையோரம் இருந்தவர்கள் உயரமான இடங்களுக்குப் போனார்கள்.

ஆனால், பினாங்கைத் தாக்கும் அலை எதுவும் வரவில்லை. அன்றிரவே ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு வந்தது.

இதை ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: 'இட் வாஸ் எ ஃபால்ஸ் அலாரம்.' தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? 'பொய் எச்சரிக்கை' என்றா? அங்கேதான் சிக்கல்.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

'அலாரம்' என்ற சொல்லின் வேர், 'ஆயுதம் எடுங்கள்' என்று பொருள்படும் இத்தாலிய மொழிக் கூச்சல். எதிரி வருவதாகக் காவலாளி கத்துவான்; வீரர்கள் எழுந்து ஓடுவார்கள். எதிரி வராவிட்டால் அது ஃபால்ஸ் அலாரம்.

இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்று, எச்சரிக்கையே தவறு. 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் மக்களின் கைப்பேசிகளுக்கு 'ஏவுகணை வருகிறது, பதுங்குங்கள்' என்று அவசரச் செய்தி போனது. ஏவுகணையே இல்லை. பயிற்சியின்போது நேர்ந்த பிழை அது. திருத்தச் செய்தி வர 38 நிமிடங்கள் ஆனது.

இன்னொன்று, பயந்தது நடக்கவில்லை, அவ்வளவுதான். சாவியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டு, கடைசியில் அது பைக்குள்ளேயே இருந்தால், 'சாரி, ஃபால்ஸ் அலாரம்' என்று சிரிப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அது ஒரு நிம்மதிப் பெருமூச்சு.

தமிழில் 'பொய்' என்றவுடன் பொய் சொன்னவர் ஒருவர் தேவைப்படுகிறார். மலாயில் 'பால்சு' என்றாலும் போலி என்ற வாடை வந்துவிடும். நிம்மதிப் பெருமூச்சு, மொழிபெயர்ப்பில் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. 'சும்மா பயமுறுத்திட்டாங்க' என்ற பேச்சும் கூடவே வந்துவிடும்.

அப்படியானால் 2012-இல் நடந்தது என்ன?

நிலநடுக்கம் நடந்த சில நிமிடங்களில் அதன் இடமும் அளவும் தெரிந்துவிடும். ஆனால், கடலடித் தரை எந்தத் திசையில் நகர்ந்தது, உண்மையில் அலை கிளம்பியதா என்பது தெளிவாகத் தெரிய இன்னும் நேரம் பிடிக்கும். கடல் மட்ட அளவீடுகள் வந்து சேர வேண்டும்.

தரை மேலும் கீழுமாக நகர்ந்தால், அதன்மேல் உள்ள நீர் மொத்தமும் தூக்கப்பட்டு சுனாமி கிளம்பும். 2012-இல் தரை பெரும்பாலும் பக்கவாட்டில் உரசி நகர்ந்தது. அதனால்தான் அவ்வளவு பெரிய அதிர்வுக்கும் சிறிய அலைகளே உண்டாயின.

ஆழ்கடலில் சுனாமி ஒரு விமானத்தின் வேகத்தில் பாயும். எல்லாம் உறுதியாகட்டும் என்று காத்திருந்தால், எச்சரிக்கைக்கு முன்பே அலை வந்துவிடலாம். எனவே, எச்சரிக்கை பொய் அல்ல. அந்த நிமிடத்தில் கையில் இருந்த தகவலுக்கு அதுதான் சரியான முடிவு.

அலாரம் அடிக்காத நாள்

ஃபால்ஸ் அலாரத்துக்கு எதிர்ப்பதம் ஒன்று உண்டு: ஆபத்து வருகிறது, ஆனால் அலாரம் அடிக்கவில்லை. பினாங்குக்கு அந்த நாள் 2004 டிசம்பர் 26.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை 8.58 மணிக்கு சுமத்ரா அருகே 9.1 அளவு நிலநடுக்கம். பினாங்குக்கு அலை வந்து சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆனது. நான்கு மணி நேரம்! ஆனால், இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை முறையே கிடையாது. பத்து பெரிங்கி, தெலுக் பகாங், பாலிக் புலாவ் கடற்கரைகளில் விடுமுறைக் கூட்டம். மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள்.

அதன்பிறகுதான் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் கீழ் தேசிய சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. கடற்கரைகளில் சைரன்கள் எழுந்தன.

உங்கள் வீட்டுப் புகை உணர்கருவியும் இதே கதைதான். சாம்பிராணி போட்டாலும் கத்தும். எரிச்சலில் அதைக் கழற்றி வைத்தால், உண்மையான தீ வரும் அன்றும் அது அமைதியாகத்தான் இருக்கும். அலாரம் சில தடவை வீணாக அடிப்பது, ஒரு தடவைகூடத் தவறவிடாமல் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை.

'புலி வருது' கதை இங்கே பொருந்துமா?

பொருந்தாது. அந்தக் கதையில் சிறுவன் வேண்டுமென்றே ஊரை ஏமாற்றினான். அது புரளி. இல்லாத சுனாமியைப் புலனக் குழுவில் பரப்புவது, 999-க்கு விளையாட்டாக அழைப்பது எல்லாம் அந்த வகை. 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் பொய்த் தகவல் பரப்புவது குற்றமாகலாம்.

ஆகவே, மூன்றுக்கும் மூன்று சொல் வைத்துக்கொள்வோம். வேண்டுமென்றே கிளப்பிவிட்டால் 'புரளி'. பிழையால் போய்விட்டால் 'தவறான எச்சரிக்கை'. நியாயமான காரணத்தோடு எச்சரித்து, நல்லவேளையாக எதுவும் நடக்காவிட்டால் 'ஆபத்து நீங்கியது'.

அடுத்த முறை சைரன் கேட்டால்?

கிளம்புங்கள். 'ஃபால்ஸ் அலாரம்' என்று நீங்களே முடிவுகட்டித் திரும்பாதீர்கள். 2012-இல் முதல் நிலநடுக்கத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து 8.2 அளவில் இன்னொன்று வந்தது. அதிகாரிகள் ஆபத்து நீங்கியதாக அறிவிக்கும் வரை காத்திருங்கள்.

நிறைமாதப் பெண்ணுக்கு இரவில் வலி எடுக்கிறது. மருத்துவமனைக்கு ஓடுகிறோம். 'இது சூட்டு வலிதான், வீட்டுக்குப் போங்க' என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதையும் ஃபால்ஸ் அலாரம் என்பார்கள். 'ஏன் பொய் சொன்னே?' என்று அவளை யாரும் கேட்பதில்லை. மறுபடி வலி எடுத்தால், மறுபடி வண்டியை எடுக்கிறோம். கடற்கரை சைரனுக்கும் அதே மரியாதையைக் கொடுத்தால் போதும்.