கியர் விழ மாட்டேங்குதா? கிளட்ச் பிளேட்டை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

நீலசந்திராவிலிருந்து கோரமங்களாவுக்குத் தினமும் பைக்கில் ஆபீஸ் போகிறவரா நீங்கள்? தூரம் என்னவோ சில கிலோமீட்டர்தான். ஆனால் விவேக்நகர், ஈஜிபுரா சிக்னல் எல்லாம் தாண்டுவதற்குள் உங்கள் இடது கை எத்தனை முறை கிளட்ச் லீவரைப் பிடித்து விடுகிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். பாதியிலேயே எண்ணிக்கை விட்டுப்போகும். டாம்டாம் நிறுவனத்தின் 2022 போக்குவரத்துக் கணக்கின்படி, பெங்களூரு நகர மையத்தில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. லண்டனுக்கு அடுத்து உலகிலேயே இரண்டாவது மோசமான இடம். அதாவது மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகம். அந்த வேகத்தில் பைக் பெரும்பாலும் ஒன்றாவது, இரண்டாவது கியரில்தான் ஓடும். முழு பாரமும் கிளட்ச் மேல்தான்.

அதனால்தான் சிக்னலில் நியூட்ரல் விழவில்லை, கியர் மாற்றும்போது 'டக்'கென்று அடிக்கிறது என்று ஒர்க்‌ஷாப் போனால், முதல் பதிலாகவே “கிளட்ச் பிளேட் போயிடுச்சு சார்” என்று வருகிறது. போயிருக்கலாம்தான். ஆனால் அதே அறிகுறிகள் தளர்ந்துபோன ஒரு கேபிளாலும் வரும். கேபிள் சில நூறு ரூபாய் சமாச்சாரம். அதைச் சரிப்படுத்த மட்டும் என்றால் செலவே இல்லை.

விலகவில்லையா, பிடிக்கவில்லையா?

கிளட்சுக்குள் வட்டமான பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும்போது எஞ்சினின் சக்தி கியர்பாக்ஸுக்குப் போகும். நீங்கள் லீவரைப் பிடித்தால் பிளேட்டுகள் விலகும், சக்தி துண்டிக்கப்படும். அவ்வளவுதான் வேலை. அதனால் கோளாறும் அடிப்படையில் இரண்டு வகைதான்: பிளேட்டுகள் முழுசா விலகவில்லை, அல்லது முழுசா பிடிக்கவில்லை.

விலகாவிட்டால், லீவரை முழுக்கப் பிடித்திருந்தும் பைக் மெல்ல முன்னால் இழுக்கும். நியூட்ரல் கிடைக்காது. கியர் கடினமாக விழும். இதைத்தான் பலர் ‘கியர்பாக்ஸ் கோளாறு’ என்று நினைத்துப் பயப்படுகிறார்கள்.

பிடிக்காவிட்டால் நேர்மாறு. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் எஞ்சின் அலறும், வேகம் ஏறாது. மேம்பாலம் ஏறும்போதும், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் இது நன்றாகத் தெரியும். சில நேரம் கருகிய வாசனையும் வரும். பின்னால் பிஎம்டிசி பஸ் வந்துகொண்டிருக்கும்போது பைக் நகர மறுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வகையைத் தள்ளிப்போடாதீர்கள்.

(இடையில் ஒன்று: ஆர்15, ராயல் என்ஃபீல்டு 650 போன்ற பைக்குகளில் ‘ஸ்லிப்பர் கிளட்ச்’ இருப்பதாக விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். அது வழுக்கும் கோளாறு இல்லை. சட்டென்று கியர் குறைக்கும்போது பின்சக்கரம் துள்ளாமல் இருக்கச் செய்த வசதி.)

முதலில் கேபிள்

எஞ்சினை அணைத்துவிட்டு லீவரை விரலால் மெல்ல இழுங்கள். பாரம் தெரிவதற்கு முன் கொஞ்சம் சும்மா அசையும். மெக்கானிக் இதை ‘ஃப்ரீ பிளே’ என்பார். பல கம்யூட்டர் பைக்குகளின் கையேட்டில், லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். சில நிறுவனங்கள் லீவரின் அடிப்பக்கத்தில் 2-3 மி.மீ. இடைவெளி என்று சொல்லும். உங்கள் பைக்குக்கு எது என்று கையேட்டில் பார்த்துக்கோங்க.

இந்த அசைவு அதிகமாக இருந்தால் லீவரை முழுக்கப் பிடித்தாலும் பிளேட்டுகள் விலகாது. அசைவே இல்லாவிட்டால், நீங்கள் கை வைக்காமலே கிளட்ச் பாதி பிடித்த மாதிரி இருக்கும், பிளேட் வழுக்கித் தேயும். ஒரே கேபிள் இரண்டு கோளாறையும் கொடுப்பது இப்படித்தான். கேபிள் நாளாக நாளாக நீளும், அசைவு கூடும். பிளேட் தேயத் தேய அசைவு குறையும். ஆகவே ஒருமுறை செட் செய்தால் போதும் என்பது கிடையாது.

லீவர் பக்கத்தில் கையாலேயே திருகக்கூடிய அட்ஜஸ்டர் இருக்கும். லாக் வளையத்தைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை வெளியே திருகினால் அசைவு குறையும், உள்ளே திருகினால் கூடும். சரியானதும் வளையத்தை இறுக்கிவிடுங்கள். அது போதவில்லை என்றால் எஞ்சின் பக்கமுள்ள நட்டுகளில் சரிசெய்ய வேண்டும்.

அப்படியே லீவரில் கேபிள் மாட்டியிருக்கும் முனையையும் பாருங்கள். ஒரு கம்பி இழை அறுந்திருந்தாலும் உடனே மாற்றிவிடுங்கள். பிறகு நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். சத்தம் மாறினால் ஏதோ ஒரு கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம்.

ஆயில்: காருக்குப் போடுவதை ஊற்றாதீர்கள்

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஆயில் பழசானால் கியர் கரகரக்கும். புது ஆயில் மாற்றிய மறுநாளே பாதிப் புகார் போய்விடுவதும் உண்டு.

ஆனால் எந்த ஆயில் என்பது முக்கியம். கார் ஆயில்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருக்கும். கிளட்ச் வேலை செய்வதே உராய்வால். அதனால்தான் ஜப்பானியர்கள் 1998-ல் பைக் ஆயிலுக்கென்று ஜாசோ தரத்தைக் கொண்டுவந்தார்கள். டப்பாவின் பின்பக்கம் ‘எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘எம்பி’ என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கானது.

பெங்களூருக்கே உரிய இன்னொரு தலைவலி மழை. கோரமங்களாவின் தாழ்வான பகுதிகளில் தேங்கிய தண்ணீரில் பைக் மூழ்கிவிட்டால், ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். முதலில் ஆயில் கண்ணாடியில் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. தள்ளிக்கொண்டு போவதுதான் வழி.

கிளட்ச் மேல் வீண்பழி

குளிர்ந்த எஞ்சினில் முதல் கியர் போடும்போது ‘டொக்’ என்று வருவது சகஜம். லீவரை நாலைந்து முறை பிடித்துவிட்டுப் போட்டால் குறையும். ஐடிலிங் கூடுதலாக வைத்திருந்தாலும் அதே சத்தம் வரும். செயின் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு கியருக்கும் பைக் உதறும். கீழே விழுந்த பைக்கில் கியர் லீவர் வளைந்திருக்கலாம். கேபிள், ஆயில், செயின் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் தானாகக் கழன்று வந்தால், அதுதான் நிஜமான கியர்பாக்ஸ் வேலை. எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

நம் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. சிக்னலில் ஒன்றாவது கியரில் கிளட்சைப் பிடித்தபடியே நிற்பது, மேட்டில் பிரேக்குக்குப் பதிலாக பாதி கிளட்சில் பைக்கை நிறுத்தி வைப்பது, ஓடும்போது லீவர் மேல் இரண்டு விரலைப் போட்டுக்கொண்டே போவது. மூன்றாவதுதான் பெங்களூரில் எல்லோரும் செய்வது. டிராஃபிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, விரலையாவது எடுத்துவிடலாம். நியூட்ரலைப் பைக் முழுக்க நிற்பதற்குச் சற்று முன், மெல்ல உருளும்போதே போட்டால் எளிதாக விழும்.

உண்மையிலேயே பிளேட் போயிருந்தால்

தேய்மானப் பாகம் என்பதால் பொதுவாக வாரண்டியில் வராது. ஒர்க்‌ஷாப்பில் “கிளட்ச் பார்த்துடுங்கண்ணா” என்று பொதுவாகச் சொல்லாமல், எப்போது, எந்த கியரில், என்ன ஆகிறது என்று சொல்லுங்கள். பழைய பிளேட்டைக் கையில் கேளுங்கள். ஒவ்வொரு பைக்குக்கும் பிளேட்டின் குறைந்தபட்ச தடிமன் இவ்வளவு என்று இருக்கும், வெர்னியரில் அளந்து காட்டச் சொல்வதில் தப்பில்லை. இரும்பு பிளேட் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புது பிளேட்டுகளை எஞ்சின் ஆயிலில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு சில நாட்களுக்குச் சிக்னலில் சீறிக் கிளம்பாதீர்கள். ஒரு வாரம் கழித்து லீவரின் அசைவை மறுபடி அளந்து பாருங்கள். பிளேட்டுகள் படிந்ததும் அது மாறியிருக்கும்.