சுண்ணாம்பில் வெந்த சோளம்

பொழுது சாய்ந்தபின் கோடம்பாக்கம் ஆற்காடு சாலையில் நடந்தால், கடை வாசலில் நெருப்புக்கு எதிரே சுழலும் ஷவர்மாக் கம்பி கண்ணில் படாமல் போகாது. அந்தக் கம்பிக்கு மெக்சிகோவில் நெருங்கிய சொந்தம் உண்டு. லெபனான் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அதைப் புவேப்லா நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆட்டிறைச்சியின் இடத்துக்குப் பன்றியிறைச்சி வந்தது. காய்ந்த மிளகாயும் அச்சியோட்டே விதையும் மசாலாவில் சேர்ந்தன, கம்பியின் உச்சியில் ஒரு அன்னாசி ஏறியது. இன்று மெக்சிகோ நகரத்துத் தெருக்களில் மக்கள் நின்றுகொண்டே சாப்பிடும் ‘டாக்கோ அல் பாஸ்டர்’ அதுதான்.

கம்பி ஒன்றே என்றாலும் இறைச்சியைச் சுற்றும் ரொட்டி வேறு. டாக்கோவின் உயிர் அந்த ரொட்டியில்தான் இருக்கிறது. டோர்ட்டியா என்னும் மெல்லிய மக்காச்சோள ரொட்டி அது. சென்னையில் டாக்கோ கேட்டால் பல இடங்களில் மைதா ரொட்டியோ, மொறுமொறுவென்று வளைத்துப் பொரித்த ஓடோ வருகிறது. கோதுமை ரொட்டி மெக்சிகோவின் வடபகுதியில் உண்மையாகவே புழங்குவது, அதைக் குறை சொல்ல முடியாது. பொரித்த ஓடு பெருமளவில் பரவியது அமெரிக்க உணவகங்கள் வழியாக. அதைப் பொரிப்பதற்கான கருவிக்கு நியூயார்க்கில் 1950-இல் காப்புரிமையே கொடுத்தார்கள். ஆனால் மெக்சிகோவின் பழைய ருசி வேண்டும் என்றால் சுண்ணாம்பிடம்தான் போக வேண்டும்.

ஆம், சுண்ணாம்புதான். முற்றிக் காய்ந்த மக்காச்சோளம் ஒரு கிலோவுக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர். சுண்ணாம்பு பட்டதுமே மணிகளின் நிறம் ஆழ்ந்த மஞ்சளுக்கு மாறும், ஈரமண் வாசனை எழும். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, இரவு முழுக்க அப்படியே ஊற விடுகிறார்கள். காலையில் ஒரு மணியை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தால் மேல்தோல் வழவழவென்று கழன்று வரும். நன்றாக அலசி, அரைத்தால் மாவு தயார்.

இந்த ஒரு இரவில் நடப்பது பெரிய வேதியியல். மணியின் மேல்தோலைப் பிடித்து வைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸைக் காரத்தன்மை கரைத்துவிடுகிறது. மாவுச்சத்தில் ஒரு பகுதி வெந்து பசையாகிறது, சுண்ணாம்பின் கால்சியம் மணிக்குள் இறங்குகிறது. அதனால்தான் இந்த மாவு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. வெறும் சோளமாவில் ரொட்டி தட்டிப் பார்த்தவர்களுக்கு ஓரம் எப்படி வெடிக்கும் என்று தெரியும். சுண்ணாம்பில் வெந்த மாவு அப்படி வெடிக்காது, மடித்தாலும் கிழியாது.

அதைவிட முக்கியமானது நயாசின் என்னும் பி3 வைட்டமின். மக்காச்சோளத்தில் அது இருக்கிறது, ஆனால் நம் குடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. மெக்சிகோவுக்குப் பக்கத்து நாடான குவாதமாலாவின் தென்கரையில் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த முறை இருந்ததற்குத் தடயங்கள் கிடைத்துள்ளன. மக்காச்சோளத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோன ஐரோப்பியர்கள் விதையை எடுத்துக்கொண்டார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். விளைவு கொடுமையானது. சோளக்களியே கதி என்றிருந்த ஏழைகளின் தோல் வெந்து உரிந்தது. வயிற்றுப்போக்கு வந்தது, பிறகு மனம் கலங்கியது. ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் கசால் 1735-இல் இந்த பெலாக்ரா நோயை விவரித்தார். அதைக் குணமாக்கும் பொருள் நயாசின் என்பது தெரிய 1937 வரை ஆனது. இடைப்பட்ட காலத்தில் இத்தாலியிலும் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் எத்தனையோ பேர் செத்துப்போனார்கள். ஒரு சமையல் பக்குவத்தை அற்பமாக நினைத்ததற்கு இவ்வளவு பெரிய விலையா என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த நோயின் ஆராய்ச்சியில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன், தக்காணத்தில் நம் வெள்ளைச்சோளம் உண்ணும் உழைப்பாளிகளுக்கும் பெலாக்ரா வருவதைக் கவனித்தார். அந்தச் சோளத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்திருப்பதே காரணமாகலாம் என்று அவரும் சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் எழுதினார்கள். அவர் வேலை பார்த்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்குப் போவதற்கு முன் நம் குன்னூரில்தான் இருந்தது.

சமையலுக்குத் திரும்பினால், அசல் டாக்கோவுக்கு வேண்டியதெல்லாம் கோடம்பாக்கத்து வீட்டிலேயே கூடிவிடும். மெக்சிகோவில் மாவரைக்கும் மூன்று கால் கருங்கல் மெட்டாட்டே நம் அம்மிக்கு அக்கா தங்கை மாதிரி. கிரைண்டரில் அரைக்கலாம், ஆனால் தண்ணீர் அதிகம் கேட்கும், மாவு இளகிவிடும். கொஞ்சமாக என்றால் அம்மியே மேல். ஸ்வீட் கார்ன் உதவாது, காய்ந்த மக்காச்சோளம்தான் வேண்டும். சுண்ணாம்பு சாப்பாட்டுக்கென்று விற்பதாக இருக்கட்டும், சுவருக்கு அடிப்பது கூடவே கூடாது. பாத்திரம் எவர்சில்வர். அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும்.

எலுமிச்சை அளவு உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துப் பூரிக்கட்டையில் அழுத்தி, காய்ந்த தோசைக்கல்லில் போடுங்கள். ஓரம் விட்டதும் ஒரு திருப்பு, புள்ளி விழுந்ததும் இன்னொரு திருப்பு. மறுபடி திருப்பி நடுவில் லேசாக அழுத்தினால், பதம் சரியாக இருந்தால் உப்பி எழும்.

மேலே வைக்க அதிகம் தேவையில்லை. பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, ஒரு பிழிவு எலுமிச்சை, சுட்ட தக்காளியும் மிளகாயும் அரைத்த சல்சா, நடுவில் கொஞ்சம் இறைச்சி அல்லது காளான். மெக்சிகோ நகரத்தில் 1968-இலிருந்து நடக்கும் ‘எல் கலிஃபா தெ லெயோன்’ என்ற சின்னஞ்சிறு டாக்கோ கடைக்கு 2024-இல் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. உட்கார நாற்காலி இல்லாத கடை அது. கையால் தட்டிய டோர்ட்டியா, உப்பும் எலுமிச்சையும் பட்ட மாட்டிறைச்சி, கூடவே சல்சா, முக்கியமாக அங்கே கொடுப்பது அவ்வளவுதான். ஆகவே நம் ஊரில் மலிவான டாக்கோ கடை ஒன்றைக் கண்டால் இறைச்சி என்ன என்று கேட்பதற்கு முன், ரொட்டி எந்த மாவில் செய்தது, சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைத்தார்களா என்று கேளுங்கள்.